ஸ்டிரட் பார் போட்டா ஸ்விஃப்ட் வளைவுல நிக்குமா?

ஹெப்பால்_லூப்:
2012 ஸ்விஃப்ட், 90,000 கி.மீ. ஓடியிருக்கு. ஏற்காடு மாதிரி கொண்டை ஊசி வளைவுகள்ல முன்பக்கம் வெளியே தள்ளுது, ஸ்டீயரிங் திருப்பினா கொஞ்சம் தாமதமாத்தான் வண்டி கேக்குது. ஜே.சி. ரோட்டுல ஒரு கடையில முன் ஸ்டிரட் பார் (ரெண்டு பக்க சஸ்பென்ஷன் கால், அதாவது ஸ்டிரட், உச்சியையும் குறுக்கே கட்டற பைப்), பின் பார், அடியில பிரேஸ் (விறைப்புக்குப் போடற சட்டம்)னு மூணையும் சேர்த்து போடச் சொல்றாங்க. போடலாமா? உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

ஸ்பேனர்_14:
இப்போதைக்கு போடாதீங்க. நீங்க சொல்ற ரெண்டு அறிகுறியும் பாடி வளையறதால வர வேண்டிய அவசியம் இல்ல. 90,000 கி.மீ.ல முதல்ல போறது ரப்பர்.

லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ பிடிக்கிற கை) பின் புஷ்ஷுக்கும் (ரப்பர் உறை) பிராக்கெட்டுக்கும் நடுவுல டயர் லீவர் விட்டு நெம்பிப் பாருங்க. ரப்பர் கிழிஞ்சு கோடு திறந்தா மாத்த வேண்டியதுதான். ஒருத்தர் ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் திருப்பும்போது ஸ்பிரிங் மேல கை வைங்க. சீரா சுத்தாம 'டக்'குனு துள்ளினா ஸ்டிரட் மவுண்ட் பேரிங் போச்சு. அடுத்து டயர். பக்கச் சுவர்ல டாட் (DOT) குறியீட்டோட கடைசி நாலு எண்ணைப் படிங்க. 3217 இருந்தா 2017-ஓட 32வது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்த ரப்பர் கெட்டிப்பட்டுப் போயிருக்கும். இந்த மூணுல ஒண்ணு தளர்ந்திருந்தாலும் மேல எத்தனை பைப் போட்டாலும் ஸ்டீயரிங் தாமதம் போகாது.

டவர்_டாப்:
ரப்பரை முதல்ல பாக்கணும், ஒத்துக்கறேன். ஆனா பார் வீண்னு சொல்றது சரியில்ல. ஸ்விஃப்ட் முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்டிரட். மேலயும் கீழயும் கை இருக்கிற டபுள் விஷ்போன்ல டவருக்கு (சஸ்பென்ஷன் உச்சி பாடியில பிடிக்கிற இடம்) வர்றது பெரும்பாலும் மேல்-கீழ் விசைதான். மெக்ஃபர்சன்ல மேல் கை கிடையாது, சக்கரம் சாயாம பிடிச்சு நிக்கிறதே டவர்தான், அதனால பக்கவாட்டு விசையும் அங்கே ஏறுது. அந்த டவர் தகட்டை மடிச்சு ஸ்பாட் வெல்டு வச்ச பெட்டி. டவர் 1 மி.மீ. நகர்ந்தா, ஸ்டிரட் நீளம் 60 செ.மீ.னு வச்சுக்கிட்டா கேம்பர் (சக்கரம் சாயற கோணம்) கிட்டத்தட்ட 0.1 டிகிரி மாறும். அது வளைவுக்கு நடுவுல நடக்குது.

ஸ்பேனர்_14:
0.1 டிகிரி கேம்பரை சாதாரண ரோடு டயர்ல யாராலும் உணர முடியாது. 3 பி.எஸ்.ஐ. காத்து கூடினாலோ குறைஞ்சாலோ அதைவிட அதிகம் தெரியும்.

இன்னொண்ணு, விசை எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. ரெண்டு பேரோட வண்டி 1,100 கிலோ, முன் சக்கரங்கள்ல 660 கிலோ. 0.7 ஜி-யில (புவியீர்ப்புல 0.7 பங்கு) வளைஞ்சா முன்பக்கம் பக்கவாட்டு விசை சுமார் 460 கிலோ. வெளிச் சக்கரம் 320, உள் சக்கரம் 140னு வச்சுக்கலாம். லோயர் ஆர்ம் சக்கரத்தோட சேர்ற பால் ஜாயின்ட் தரையிலிருந்து 20 செ.மீ., அதுக்கு மேல ஸ்டிரட் 60 செ.மீ., அதனால டவருக்கு வர்றது மூணுல ஒரு பங்கு: ஒரு பக்கம் 107, மறுபக்கம் 47. இந்த ரெண்டு விசையும் ஒரே திசையில, வளைவுக்கு வெளிப்பக்கமா தள்ளுது. ரெண்டு டவரையும் பைப்பால கட்டினா வித்தியாசத்துல பாதி, அதாவது 30 கிலோ, ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்கு மாறும். மொத்தம் 154 கிலோவையும் பழைய தகடுதான் தாங்குது. ரெண்டு பேர் கை கோத்து நின்னாலும் ஒரே பக்கமா தள்ளினா சேர்ந்துதான் சாய்வாங்க.

டவர்_டாப்:
இந்தக் கணக்கு சரி. ரெண்டு முனை பாருக்கு மட்டும்தான் பொருந்தும். மூணாவது கால் ஃபயர்வாலுக்கு (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) போற பார்ல முக்கோணம் உருவாகுது. அப்போ அந்த 154 கிலோவுல ஒரு பங்கு நேரா கேபினுக்குப் போகும். வாங்கினா அந்த மாதிரி வாங்கணும், அதுவும் ஃபயர்வால்ல மெல்லிசுத் தகட்டுல இல்லாம கவுலோட (முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற பகுதி) கெட்டியான இடத்துல பிடிக்கணும்.

ரோடு மோசமா இருக்கிற இடத்துல இன்னொரு விசையும் உண்டு. டயர் தரையைத் தொடற இடம் ஸ்டிரட் உச்சியைவிட வெளியே இருக்கு. அதனால எடை ஏறினாலே ரெண்டு டவரும் உள்பக்கம் சாயப் பாக்கும். ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது ரெண்டு விசையும் எதிரெதிர். அங்கே ரெண்டு முனை பார்கூட முழுசா வேலை செய்யும். பெங்களூரு ரோட்டுல அந்த அடி தினசரி விழுது.

ஸ்பேனர்_14:
அது டவரோட ஆயுளுக்கு நல்லது, ஏத்துக்கறேன். அவர் கேட்டது வளைவுல முன்பக்கம் தள்ளுறதைப் பத்தி.

அந்த செட்டுல ஏதாவது ஒண்ணு ஸ்டீயரிங்ல தெரியணும்னா அடி பிரேஸ்தான் தெரியும். லோயர் ஆர்ம் பிடிக்கிற இடம் அசைஞ்சா டோ (மேலிருந்து பாத்தா சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கிற கோணம்) மாறும், டோ மாறினா கைக்கு உடனே தெரியும். ஆனா அந்த வேலையை கம்பெனி சப்ஃப்ரேமே (பாடிக்கு அடியில போல்ட்ல மாட்டின சட்டம்) ஓரளவு செய்யுது. பழைய வண்டியில சப்ஃப்ரேம் போல்ட் தளர்ந்திருந்தா அதைச் சரியான டார்க்ல (இறுக்கற முறுக்கு விசை) இறுக்கினாலே பாதிப் பிரச்சினை போயிடும்.

அல்சூர்_ஆக்ஸில்:
ரெண்டு பேரும் ஊகத்துல பேச வேண்டாம், அளந்துடலாம். ஒரு இரும்பு ராடு, அது இறுக்கமில்லாம நுழையற பைப். ராடு ஒரு டவர் போல்ட்ல, பைப் மறு டவர் போல்ட்ல. பைப் வாய்க்கு ஒட்டி ராடு மேல இறுக்கமான ஓ-ரிங். டவர்கள் நெருங்கினா பைப் ஓ-ரிங்கைத் தள்ளும், அது தள்ளின இடத்திலேயே நின்னுடும். ஓட்டிட்டு வந்து வெர்னியர்ல இடைவெளியை அளங்க. நின்ன வண்டியில பாக்கணும்னா 0.01 மி.மீ. டயல் கேஜ் வச்சு, முன் ஜாக் பாயின்ட்ல ஒரு பக்கம் மட்டும் தூக்கிப் பாருங்க.

அலுமினியம் ராடு வேண்டாம். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 0.023 மி.மீ. விரியும். என்ஜின் சூட்டுல 30 டிகிரி ஏறினா 0.7 மி.மீ., நீங்க தேடற அளவே அதுல மறைஞ்சுடும். இரும்புலயும் பாதி அளவு வரும், அதனால முன்னாடி பின்னாடி ஒரே சூட்டுல அளங்க.

இந்த முறையில ரெண்டு டவருக்கும் நடுவுல இருக்கிற தூரம் மட்டும்தான் தெரியும். ஸ்பேனர் சொன்ன ஒரே திசை அசைவு இதுல பதியாது. அதுக்கு ஃபயர்வாலிலிருந்து டவருக்கு ஒரு ராடு வைக்கணும்.

ஹெப்பால்_லூப்:
பின்பக்க பார்?

டவர்_டாப்:
வேண்டாம். உங்க வண்டியில பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கிற, முறுங்கற குறுக்குச் சட்டம்), ஸ்பிரிங் தனியா உக்காருது, மேல வர்றது டேம்பர் (ஷாக் அப்சார்பர்) விசை மட்டும்தான். பக்கவாட்டு விசை பீம் புஷ் வழியா பாடிக்குப் போகுது. பூட் இடம் போறதுதான் மிச்சம். முன்பக்கம் தள்ளுறது குறையணும்னா பின்னாடி ஆன்டி-ரோல் பார் (வளைவுல பாடி சாயறதைக் குறைக்கிற கம்பி) வேற கதை, அது எடை மாறுற விகிதத்தையே மாத்தும். ஆனா மழையில பின்பக்கம் சீக்கிரம் விடும், தெரிஞ்சுதான் போடணும்.

ஹெப்பால்_லூப்:
முதல்ல புஷ், டயர். அப்புறமும் மூணு முனை பார் போடறதா இருந்தா கடையில எதைக் கவனிக்கணும்?

டவர்_டாப்:
முனையில பின் போட்டு மடங்கற மாதிரி பிராக்கெட் இருந்தா ஆட்டிப் பாருங்க. அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலே நீங்க நிறுத்த நினைக்கிற அசைவு அந்த ஓட்டையிலேயே முடிஞ்சிடும். என்ஜினைச் சுத்தி வளைஞ்சு போற பைப்பும் அதே மாதிரிதான், நெருக்கினா வில்லா வளையும். நேரான, வெல்டு பண்ண ஸ்டீல் எடுங்க. அதே கனத்துல அலுமினியத்தோட விறைப்பு ஸ்டீல்ல மூணுல ஒண்ணுதான்.

ஸ்பேனர்_14:
மாட்டும்போது வண்டி சமதரையில நாலு சக்கரத்துல நிக்கணும். ஜாக்ல தொங்கும்போது டவர் நட்டைக் கழட்டினா ஸ்டிரட் கீழே இறங்கிடும், நின்ன வண்டியில பாடி எடையே அதைப் பிடிச்சிருக்கும். 5 மி.மீ. பிராக்கெட் ஸ்டட்டோட (டவர்ல நட்டு மாட்டற போல்ட்) மரையைத் தின்னுடும். நட்டுக்கு மேல ரெண்டு மரையாவது வெளியே தெரியலைன்னா அந்த பார் உங்க வண்டிக்கு இல்ல. நைலான் நட்டைப் புதுசு போடுங்க, டார்க் அளவை சர்வீஸ் மேனுவல்ல பாத்து ரெஞ்ச்ல இறுக்குங்க.

நீளம் மாத்தற திருகு இருந்தா கையால முட்டும் வரைக்கும் மட்டும், ஸ்பேனர் போட்டுத் தள்ளினா டவரே விலகி கேம்பர் கெடும். பானெட் மூடறதுக்கு முன்னாடி பார் மேல களிமண் உருண்டை வைங்க. மூடித் திறந்தப்போ 10 மி.மீ.க்கு கீழ நசுங்கியிருந்தா இடிக்கும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு முதல் கியர்லயும் ரிவர்ஸ்லயும் கிளட்சை லேசா விட்டு, என்ஜின் சாயும்போது பார்ல படுதான்னு இன்னொருத்தரைப் பக்கத்துல நின்னு பாக்கச் சொல்லுங்க, வண்டிக்கு முன்னாடி நிக்க வேண்டாம். அப்புறம் அலைன்மென்ட். 500 கி.மீ. கழிச்சு நட்டுகளை மறுபடி டார்க் பாருங்க, பெயின்ட் நசுங்கி தளர்ந்திருக்கும்.

அல்சூர்_ஆக்ஸில்:
இன்ஷூரன்ஸ்ல எழுத்து மூலமா சொல்லிடுங்க. ஒரு பக்கம் மோதினா பார் அந்த அடியை மறு டவருக்கும் கொண்டு போகும், சர்வேயர் வரும்போது ரெண்டு டவர் அளவும் எடுக்கச் சொல்லணும்.

ஹெப்பால்_லூப்:
இன்னைக்கு டயர் எண்ணைப் பாத்தேன், நாலுல ரெண்டு 4116. சனிக்கிழமை லோயர் ஆர்ம் கழட்டறாங்க. ஃபயர்வால்-டவர் ராடு வச்சு அளந்து இங்கேயே போடறேன்.