எக்ஸ்டெண்டட் வாரண்டி: கைகொடுத்ததா, கைவிரித்ததா?

வண்ணார்பேட்டைக்காரன்:
என்னுடையது டீசல் வண்டி. கம்பெனி வாரண்டி முடிவதற்கு முன்பே எக்ஸ்டெண்டட் வாரண்டி என்ற நீட்டிப்புக்கும் பணம் கட்டி, எந்த சர்வீஸையும் வெளியே விடாமல் ஷோரூமிலேயே செய்துவந்தேன். நாங்குநேரி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. எஞ்சின் விளக்கு எரிந்தது. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் போய்விட்டன என்றார்கள். வாரண்டி இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்த என் முன்னால், சர்வீஸ் அட்வைசர் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர், அதன்மேல் டீசல். “எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தால் வாரண்டி பொருந்தாது, சார்” என்றார். பில் 80,000 ரூபாயைத் தாண்டியது. அந்தத் தண்ணீர் என் டேங்கிலிருந்து எடுத்ததுதானா என்பதை நான் எப்படி அறிவேன் என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

தென்காசி சாரல்:
எனக்கு நேர்மாறாக நடந்தது. சீசன் நேரத்தில் ஐந்தருவிச் சாலையில் ஊர்ந்து ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தபோது, இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டி ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது. பின்னால் வந்த வேன்கள் எல்லாம் ஹாரனை அழுத்த, ரிவர்ஸ் கியரும் விழவில்லை. கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டையே எக்ஸ்டெண்டட் வாரண்டியில் மாற்றினார்கள். லட்சத்தைத் தாண்டிய மதிப்பீட்டில் அந்தப் பாகத்துக்கும் கூலிக்கும் நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. கிளட்ச் தட்டுகளை மட்டும் தேய்மானம் என்று சொல்லி என் கணக்கில் எழுதினார்கள், அது நியாயமே. ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

சிந்துபூந்துறையான்:
கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்பதைத்தான் நான் மறுக்கிறேன், அண்ணாச்சி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, என் மைத்துனருடைய காரில் இருக்கை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு, யாரிடமும் கேட்காமல் அவர் சாவியைத் திருகினார். ‘டக்’ என்று ஒரே ஓசை, அதோடு சரி. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது என்பதால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. எக்ஸ்டெண்டட் வாரண்டி பாகத்திலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்குத்தான் பொறுப்பேற்கும். வெள்ளத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இன்சூரன்ஸ்காரர்களோ, எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்கவில்லை என்று எஞ்சினை ஒதுக்கிவிட்டு, இருக்கைக்கும் வயரிங்குக்கும் மட்டும் பணம் கொடுத்தார்கள். அவருக்கு அந்த இன்சூரன்ஸ் சேர்க்கையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வாரண்டியை மட்டும் விழுந்து விழுந்து விற்றார்கள்.

அம்பை வயற்காட்டான்:
என் கதை சிறியது. அறுவடை முடிந்த வயலிலிருந்து வந்த எலி வயரிங்கைக் கடித்தது. வாரண்டி கிடையாது என்றார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். ஆனால் இங்கே எழுதியவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். வண்ணார்பேட்டை அண்ணாச்சி, எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டீசல் மாதிரியை வண்டிக்காரர் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும் என்று கேட்பதில் தவறேதும் இல்லை. பங்க் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, ஆனால் 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

இனி எடுக்கப்போகிறவர்கள், விற்பனையாளர் நீட்டும் வழுவழுப்பான தாளை ஓரமாக வைத்துவிட்டு, எவையெல்லாம் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கும் பக்கத்தை முதலில் வாசிக்க வேண்டும். வாரண்டியைத் தருவது கார் கம்பெனியா, அல்லது டீலர் வேறொரு நிறுவனத்துக்காக விற்கிறாரா என்று கேளுங்கள்; இரண்டாவது வகையில் ஒரு பழுதுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருக்கக்கூடும். சொன்ன கெடுவில் சர்வீஸ் விடாமல் போனாலோ, வெளியே கேஸ் கிட் பொருத்தினாலோ, மறுப்பதற்கான காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்தவர்களாவோம். காலம், கிலோமீட்டர் ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அன்றோடு வாரண்டி முடிந்துவிடும். நாள்தோறும் நாகர்கோவிலுக்கு ஓடுகிறவருக்கு 5 ஆண்டு என்று அச்சடித்திருப்பதால் பயனில்லை. காரை இடையில் விற்றால், மீதமுள்ள வாரண்டி வாங்குபவர் பெயருக்கு மாறுமா என்பதையும் விசாரியுங்கள்.

திசையன்விளை வாசி:
அம்பை அண்ணாச்சி இத்தனை சொல்லியும், எடுக்காமலே இருக்கலாம் என்ற ஒன்றைச் சொல்லவில்லை. என் வண்டி டர்போ இல்லாத பெட்ரோல், கையால் மாற்றும் கியர். கெட்டுப்போக அதில் பெரிதாக எதுவும் இல்லை. வாரண்டிக்குக் கேட்ட தொகையை அப்படியே அஞ்சலகத்தில் போட்டுவைத்தேன். அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. நின்று, பிள்ளைகள் வியர்த்து வழிய ஊர் வந்து சேர்ந்தபோது வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. உவரி உப்புக்காற்றில் கண்டென்சர் அரித்து, கேஸ் முழுவதும் கசிந்திருந்தது. அஞ்சலகப் பணத்திலேயே புதியதை மாட்டினேன். துருவும் அரிப்பும் எக்ஸ்டெண்டட் வாரண்டியில் சேராது என்று, எனக்கு அதை விற்கப் பார்த்த அதே ஷோரூமில்தான் அன்று சொன்னார்கள்.