ஆறரை மணிக்கு எடுத்த இரத்தம்

தண்டையார்பேட்டையிலிருந்து:

ஒற்றைச் செல் தரவை வைத்துக் கணினியில் பிஎச்.டி. செய்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்கள் ஆராய்ச்சியின் போக்கையே மாற்றிய ஒரு சந்திப்பை எழுதுங்களேன். முதலில் நான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் எம்.எஸ்சி. கணிதம். உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. பிஎச்.டி. சேர்ந்த பிறகு, எல்லாரையும் போல, பொதுவில் கிடைக்கும் 2,700 இரத்தச் செல்கள் கொண்ட பயிற்சித் தரவில்தான் கை பழகினேன். இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக: ஒவ்வொரு செல்லையும் எண்ணெயில் மிதக்கும் ஒரு நீர்த்துளிக்குள் தனியாக அடைப்பார்கள். கூடவே பாசிமணி போல ஒரு குட்டி மணியும் அந்தத் துளிக்குள் போகும். மணியில் 16 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட பார்கோடு இருக்கும். மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து எடுக்கப்படும் நகல்தான் ஆர்.என்.ஏ. செல்லில் இருந்து பிடிபடும் ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றுக்கும் அந்த பார்கோடு ஏறிவிடும். எந்த ஆர்.என்.ஏ. எந்தச் செல்லுடையது என்று பிறகு பிரிப்பது அதை வைத்துத்தான். கடைசியில் என் கைக்கு வருவது ஒரு பிரம்மாண்ட அட்டவணை. ஒரு பக்கம் 20,000 மரபணுக்கள், இன்னொரு பக்கம் செல்கள், கட்டங்களில் ஆர்.என்.ஏ. எண்ணிக்கை, பெரும்பாலானவற்றில் பூஜ்யம்.

என் கேள்வி காசநோய் பற்றியது. நோயாளியோடு ஒரே வீட்டில், ஒரே அறையில் படுத்து எழுந்தும் சிலருக்கு நோய் வருவதில்லையே, அவர்கள் இரத்தத்தில் என்ன இருக்கிறது? வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகள் அப்படி. என் சித்தப்பா ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். கூடவே இருந்த சித்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

24 பேரிடம் இரத்தம் எடுத்தோம். செல் கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஒத்த செல்களைக் கிளஸ்டர்களாக, அதாவது கூட்டங்களாகப் பிரித்துப் படம் போட்டுப் பார்த்தபோது, டி செல்கள் (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை) பக்கத்தில் ஒரு சின்னத் தீவு தனியாக நின்றது. யாருடைய செல்கள் என்று நிறம் போட்டுப் பார்த்தேன். ஆறு பேருடையவை மட்டும். ஆறு பேரும் நோய் வராதவர்கள், ஆறு பேரும் காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள்.

அன்று இரவு நான் தூங்கவே இல்லை. உப்புக்காற்றா, மீன் உணவா, உடம்பு உழைப்பா என்று என்னென்னவோ யோசித்தேன். இரண்டு மாதம் அந்தத் தீவிலேயே குடியிருந்தேன். படங்கள் தயார், கட்டுரையின் முதல் வரைவும் தயார்.

என் கைடு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அந்தக் கிளஸ்டரில் முதலில் நிற்கிற மரபணு எது, அது சாதாரணமாக எப்போது கூடும்?" என்று மட்டும் கேட்டார். முதலில் நின்றது சி.ஐ.ஆர்.பி.பி. குளிர்ந்தால் செல் தூண்டிவிடும் மரபணு அது. அதன் பெயரிலேயே குளிர் இருக்கிறது, முதல் எழுத்து 'கோல்டு'. நான் பெயரை விரித்துக்கூடப் படித்திருக்கவில்லை. எடுத்த இரத்தம் அறை வெப்பத்தில் காத்திருந்தால் வெள்ளணுக்களில் இதே மாற்றம் வரும் என்று 2020-லேயே ஒரு ஆய்வு வெளியாகியிருந்தது. 22 டிகிரி ஏ.சி. அறை நமக்குச் சுகம். 37 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்த இரத்தத்துக்கு அது குளிர்.

மறுநாள் லேப் இருக்கும் கிண்டியில் இறங்காமல், வீட்டிலிருந்து நேராக இரத்தம் எடுக்கும் மையத்துக்குப் போனேன். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம், அவ்வளவுதான் தூரம்.

அங்கே இரத்தம் எடுக்கிற அக்கா புளியந்தோப்புக்காரர். ஆறு பேரின் எண்களைச் சொன்னதும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்தார். அட்டை பிய்ந்து, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. வரிசை எண், கை இடதா வலதா, எடுத்த நேரம், எல்லாம் நீல மையில்.

"இவங்க படகுக்காரங்கமா. கரைக்கு வந்து மீனை ஏலத்துல விட்டுட்டு நேரா இங்கதான் வருவாங்க. ஆறரைக்கே வந்து உக்காந்துடுவாங்க. ராத்திரி பூரா கண்ணு முழிச்சவங்கள காக்க வெக்க மனசு வரல, எடுத்துடுவேன். உங்க லேப் பெட்டி பதினொண்ணுக்குத்தான வருது?"

மற்ற 18 பேருக்கும் பத்து மணிக்கு மேல். ஆறு டியூப்கள் மட்டும் நாலரை மணி நேரம் ஏ.சி. அறையில் நின்றிருக்கின்றன. நான் கண்டுபிடித்ததாக நினைத்த செல் அந்தக் காத்திருப்புதான்.

அந்த அக்கா செய்ததில் தப்பே இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். எடுத்த நேரத்தை அவர் எழுதிவைத்தார். எங்கள் படிவத்தில்தான் அதற்குக் கட்டம் இல்லை. தேதி மட்டும் போதும் என்று படிவம் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி.

மறுபடி அதே ஆறு பேரிடம் போய்க் கேட்டோம். ஐந்து பேர் ஒத்துக்கொண்டார்கள். இந்த முறை பெட்டியோடு நானே ஆறு மணிக்கு வாசலில் நின்றேன். எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் லேப் போய்ச் சேர்ந்தது. தீவு இல்லை.

பெரம்பூரிலிருந்து:

படித்ததும் எனக்கு நடந்தது ஞாபகம் வந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கணவன் மனைவி ஒரே நாளில் சாம்பிள் கொடுத்திருந்தார்கள். ஆண் என்று குறித்த சாம்பிளில் எக்ஸ்.ஐ.எஸ்.டி. நிறையத் தெரிந்தது. இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருப்பவர்களில் ஒன்றை அடக்கி வைக்கும் மரபணு அது. ஆணின் இரத்தத்தில் அது தெரியவே கூடாது. ஒய் குரோமோசோம் மரபணுக்களோ மனைவியின் சாம்பிளில் இருந்தன. லேபிள் மாறிவிட்டது. அப்பாவும் மகனும் என்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது, அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது எந்தத் தரவு வந்தாலும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன், அப்புறம்தான் மற்றது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு லட்சம் செல் என்றதும் கணக்கில் எல்லாமே முக்கியமாகத் தெரியும், பி மதிப்பில் (வித்தியாசமே இல்லாமல் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்) பூஜ்யங்கள் வரிசைகட்டும். ஆனால் ஆள் 24 பேர்தான். ஒரே ஆளின் ஐயாயிரம் செல்லை ஐயாயிரம் சாட்சியாக எண்ணக்கூடாது. ஒவ்வொரு ஆளின் செல்களையும் வகைவாரியாகக் கூட்டி, ஆளுக்கு ஆள் ஒப்பிடுங்கள். என் முதல் வருட முடிவுகளில் பாதி அப்போதே காணாமல் போனது. வலித்தது, ஆனால் மிஞ்சியதை நம்ப முடிந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

நான் பிஎச்.டி. இல்லைங்க, லேப் டெக்னீஷியன். என் மகள்தான் இதைப் படிக்கச் சொல்லி அனுப்பினாள். ஊதா மூடி டியூபில் (இரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்டது) எடுத்தால் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தவேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும், விட்டால் உறையும். பதினான்கு வருடமாகச் செய்கிறேன். எடுத்ததற்கும் வண்டி வந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் சொல்வேன், என்னிடமும் நோட்டு இருக்கிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அண்ணா, உங்கள் மகளுக்கு என் நன்றி. எங்கள் புதிய படிவத்தில் எடுத்த நேரம், பெட்டியில் வைத்த நேரம், லேபில் திறந்த நேரம் என்று மூன்று கட்டங்கள் சேர்த்திருக்கிறோம். வரைவை முதலில் புளியந்தோப்பு அக்காவிடம்தான் காட்டினேன். அவர் நாலாவதாக ஒன்று சேர்க்கச் சொன்னார்: அறையில் ஏ.சி. ஓடியதா, கரண்ட் போயிருந்ததா.