சிஇ, எஃப்சிசி ரிப்போர்ட் கையில் இருக்கிறது: 4ஜி ரூட்டரை இறக்குமதி செய்து விற்க இது போதுமா?

கேள்வி: கம்பிவடம்

தொழிற்சாலை மீட்டர்களிலிருந்து தகவல் அனுப்பும் சின்ன ரூட்டர் ஒன்றை வெளிநாட்டுத் தயாரிப்பாளரிடம் வாங்கி, எங்கள் பிராண்ட் பெயரை ஒட்டி நான்கைந்து நாடுகளில் விற்கத் திட்டம். உள்ளே 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, தனி மாட்யூலாக 4ஜி, இரண்டு கிகாபிட் ஈதர்நெட் போர்ட். கழற்றி மாட்டும் ஆன்டெனா நான்கு, 12 வோல்ட் அடாப்டர். பேட்டரி கிடையாது.

தயாரிப்பாளர் ஐரோப்பாவுக்கு "சிஇ சர்டிஃபிகேட்" என்று ஒரு பக்கமும், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் (எஃப்சிசி) விதிப்படி "எஃப்சிசி ரிப்போர்ட்" என்று ஒரு தடித்த பிடிஎஃப்பும் அனுப்பியிருக்கிறார். இவற்றை வைத்தே எங்கும் விற்கலாம் என்கிறார். கேட்க நினைப்பது:

1. இந்தக் காகிதங்கள் போதுமா?
2. 4ஜி மாட்யூலுக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கிறது. முழுச் சாதனத்துக்கும் மறுபடி எடுக்க வேண்டுமா?
3. முதல் 500 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிவிட்டு, அவை வந்து சேர்வதற்குள் விண்ணப்பத்தை முடிக்க முடியுமா?

பதில் 1: அலைமானி

மூன்றாவதிலிருந்து வருகிறேன். ஏற்றாதீர்கள். லேபிளில் அச்சிட வேண்டிய எண் பல நாடுகளில் அனுமதி வந்த பிறகுதான் கிடைக்கும். சோதனை லேபில் ஏதாவது தேறாவிட்டால் போர்டிலேயே கை வைக்க வேண்டியிருக்கும். 500 பெட்டிகளையும் துறைமுகத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. சோதனைக்கான சாம்பிள்களை மட்டும் முதலில் வரவழையுங்கள், அதற்குப் பல நாடுகளில் தனி வழி உண்டு. அமெரிக்க விதியில் சோதனைக்கும் மதிப்பீட்டுக்கும் 4,000 வரை, வர்த்தகக் கண்காட்சிக்கு 400 வரை அனுமதி இல்லாமலே கொண்டுவரலாம், ஆனால் விற்கக் கூடாது. மற்ற நாடுகளில் எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவாக இருக்கும், முன்கூட்டியே கடிதமும் வாங்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்தக் காகிதங்கள். சிஇ என்பது யாரோ வழங்கும் சர்டிஃபிகேட் அல்ல. 2014/53/ஈயூ என்ற ரேடியோ சாதன உத்தரவின்படி தயாரிப்பாளர் தானே கையெழுத்திட்டுத் தரும் இணக்க அறிவிப்புதான் சட்டப்படியான காகிதம். அதன் பின்னால் சர்க்யூட் வரைபடம், உதிரிப் பட்டியல், ரிஸ்க் மதிப்பீடு, சோதனை ரிப்போர்ட்கள் எல்லாம் அடங்கிய தொழில்நுட்பக் கோப்பு இருக்க வேண்டும். சரக்கு சந்தைக்கு வந்ததிலிருந்து 10 ஆண்டுகள் அதை வைத்திருக்க வேண்டும். நீங்கள் உங்கள் பிராண்டை ஒட்டியதுமே ஐரோப்பியச் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர் நீங்கள்தான், கோப்பும் உங்கள் தலையில்தான். கோப்பைத் தர மறுக்கும் தயாரிப்பாளரோடு இந்த வியாபாரம் வேண்டாம் என்றே சொல்வேன்.

எஃப்சிசி பிடிஎஃப்பில் எந்தப் பகுதி என்று பாருங்கள். வெறும் "பகுதி 15பி" என்றால் அது டிஜிட்டல் சர்க்யூட் கக்கும் இரைச்சலுக்கான சோதனை மட்டுமே. வைஃபைக்கு 15சி, 15ஈ ரிப்போர்ட்களும், அவற்றை வைத்து வழங்கிய எஃப்சிசி ஐடியும் வேண்டும். அந்த ஐடியை எஃப்சிசியின் பொதுத் தேடல் பக்கத்தில் போட்டால் விண்ணப்பித்தவர் யார், அதிகபட்ச பவர் என்ன என்பதெல்லாம் வரும், பெரும்பாலும் உள்படங்களும் இருக்கும். எதுவும் வராவிட்டால் அந்த ஐடி கற்பனை.

ரிப்போர்ட்டின் முதல் சில பக்கங்களையும் கடைசியில் உள்ள படங்களையும் திறந்து, பக்கத்தில் ஒரு சாம்பிளைக் கழற்றி வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிடுங்கள்: மாடல் நம்பர், போர்ட் ரிவிஷன், ஃபர்ம்வேர் பதிப்பு, அடாப்டரின் மாடல், ஆன்டெனா வகை, அதன் கெயின் (சிக்னலை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பது, அளவு டிபிஐயில்). பெரும்பாலும் ஆன்டெனாவில்தான் இடிக்கும். ரிப்போர்ட்டில் 2 டிபிஐ என்றிருக்கும், பெட்டியில் 5 டிபிஐ ஆன்டெனா இருக்கும். ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு உச்சம் 20 டிபிஎம் ஈஐஆர்பி (போர்டின் பவரும் ஆன்டெனா கெயினும் சேர்ந்தது). போர்டிலிருந்து 18 டிபிஎம் வந்தால் 2 டிபிஐ ஆன்டெனாவோடு கூட்டி சரியாக 20. அதே போர்டில் 5 டிபிஐ மாட்டினால் 23, அதாவது அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு பவர். பெட்டிக்குள் இருப்பது காகிதத்தில் உள்ள சாதனம் அல்ல என்று ஆகிவிடுகிறது.

அனுமதி என்பது "இந்த ரூட்டருக்கு" என்று பொதுவாகக் கிடைப்பதில்லை. இந்த போர்டு, இந்த ஆன்டெனா, இந்த அடாப்டர், இந்தப் பவர் அட்டவணை, இந்த நிறுவனத்தின் பெயர் என்று ஒரு தொகுப்புக்குத்தான் கிடைக்கிறது. எனவே முதலில் அந்தத் தொகுப்பைப் பூட்டுங்கள். விண்ணப்பமெல்லாம் அப்புறம்.

பதில் 2: டெசிபெல்

மாட்யூல் கேள்விக்கு: நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் மாட்யூலுக்கென்று தனி அனுமதி உண்டு. அதன் நிபந்தனைகளுக்குள் பொருத்தினால் ஐடியை மறுபயன்பாடு செய்யலாம். வெளி லேபிளில் மாட்யூலின் ஐடி "உள்ளே அடங்கியது" என்று வர வேண்டும். ஆனால் நிபந்தனைகளைப் படியுங்கள்: ஆன்டெனா கெயினுக்கு உச்சவரம்பு, ஆளிடமிருந்து குறைந்தது 20 செ.மீ. தூரம், வேறு டிரான்ஸ்மிட்டரோடு ஒரே நேரத்தில் இயங்கலாமா என்பது. உங்கள் பெட்டியில் வைஃபையும் 4ஜியும் ஒன்றாகவே அனுப்பும், ஆகவே இரண்டின் ஆர்எஃப் வெளிப்பாட்டையும் (ஆள்மேல் படும் ரேடியோ அலையின் அளவு) சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். 20 செ.மீ.க்கும் நெருக்கமாக உடலருகே பயன்படுமானால் எஸ்ஏஆர் சோதனை (உடல் திசு உறிஞ்சும் ரேடியோ சக்தியை அளப்பது) வந்துவிடும். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் 1 கிராம் திசுவுக்குக் கிலோவுக்கு 1.6 வாட், ஐரோப்பாவில் 10 கிராமுக்கு 2.0 வாட். சுவரில் மாட்டும் ரூட்டருக்குப் பொதுவாக அது தேவைப்படாது, அந்தக் கணக்கும் கையேட்டில் 20 செ.மீ. வாசகமும் இருந்தால் போதும்.

ஐரோப்பாவில் மாட்யூல் அனுமதி என்ற பேச்சே இல்லை. முழுச் சாதனம்தான் கணக்கு. மாட்யூலின் கண்டக்டெட் அளவீடுகளை (ஆன்டெனா இல்லாமல் கேபிள் வழியே எடுத்தவை) அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ரேடியேட்டட் ஸ்பூரியஸ் (காற்றில் கசியும் வேண்டாத அலை), ஈஎம்சி (மின்காந்த இடையூறு), மின்பாதுகாப்பு மூன்றையும் உங்கள் பெட்டியோடு மறுபடி எடுக்க வேண்டும்.

லேபுக்குப் போகும்போது நேரத்தைத் தின்பவை இவை:

சாம்பிள். விற்பனை ஃபர்ம்வேருடன் இரண்டு, டெஸ்ட் ஃபர்ம்வேருடன் இரண்டு, பாதுகாப்புச் சோதனைக்கு ஒன்று (அது திரும்பி வராது), கைவசம் ஒன்று. டெஸ்ட் ஃபர்ம்வேர் என்றால் சேனல், டேட்டா ரேட், பவர் மூன்றையும் கையால் நிறுத்தி, இடைவிடாமல் அனுப்ப வைப்பது. கீழ், நடு, மேல் சேனல்களில் அளப்பார்கள். இந்த ஃபர்ம்வேரும் கட்டளைப் பட்டியலும் தயாரிப்பாளரிடமிருந்து வராமல் லேப் நாளைப் பதிவு செய்யாதீர்கள்.

பேண்ட் ஓரம். அமெரிக்காவில் 2483.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து தடைசெய்த பட்டை தொடங்குகிறது. 11ஆம் சேனலில் முழுப் பவர் வைத்தால் ஓரம் அங்கே கசியும். அந்த ஒரு சேனலுக்கு மட்டும் பவரைக் குறைப்பதுதான் வழக்கமான வைத்தியம். குறைத்த எண் விற்பனை ஃபர்ம்வேரின் பவர் அட்டவணையிலும் ஏற வேண்டும். லேபில் குறைத்துவிட்டு இதை மறப்பவர்கள் அதிகம்.

5 கிகாஹெர்ட்ஸ். 5250–5350, 5470–5725 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் ரேடாரைக் கண்டால் ஒதுங்கும் டிஎஃப்எஸ் வேண்டும்: தொடங்குமுன் குறைந்தது 60 வினாடி கேட்க வேண்டும், ரேடார் வந்தால் 10 வினாடிக்குள் விலக வேண்டும், 30 நிமிடம் திரும்பக் கூடாது. மீட்டர் ரூட்டருக்கு இந்தச் சேனல்கள் தேவையே இல்லை என்றால் ஃபர்ம்வேரில் அடைத்துவிட்டு 36–48ஐ மட்டும் வையுங்கள். ஒரு பெரிய சோதனையே குறையும். 149–165ஐ நாட்டுக்கு நாடு பாருங்கள். ஐரோப்பாவில் அங்கே 25 மில்லிவாட்தான்.

நாடு மாற்றும் மெனு. அமெரிக்க அனுமதிக்குப் பயனர் கையில் அது இருக்கவே கூடாது. தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

கனெக்டர். கழற்றும் ஆன்டெனா என்றால் எஃப்சிசி விதியின் பகுதி 15 சாதாரண எஸ்எம்ஏ கனெக்டரை ஏற்காது. அதனால்தான் வைஃபை பக்கம் ஆர்பி-எஸ்எம்ஏ (ஊசியும் துளையும் இடம் மாறிய வகை) வருகிறது. 4ஜிக்குச் சாதா எஸ்எம்ஏ வைக்கலாம். ஆன்டெனாவை மாற்றி மாட்டுவதும் இதனால் தவிரும்.

ஈதர்நெட் கேபிள். கிகாபிட் என்றால் 125, 250, 375 மெகாஹெர்ட்ஸில் முள் எழும். கேபிளே ஆன்டெனாவாக வேலை செய்கிறது. ஜாக்கின் உலோகக் கூட்டை சேசிஸ் கிரவுண்டோடு சேர்ப்பது, காமன் மோட் சோக் (இரைச்சலைத் தடுக்கும் சுருள்) வைப்பது எல்லாம் போர்டில் செய்ய வேண்டியவை. அவசரத்துக்குக் கேபிளில் ஃபெரைட் (இரைச்சலை விழுங்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டித் தேற்றிவிடலாம். அப்படித் தேற்றினால் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அதே ஃபெரைட் போக வேண்டும். 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மின்கம்பிச் சோதனையில் தவறினால், ரூட்டரைக் குடைவதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

பதில் 3: முத்திரைத்தாள்

மேலே சொல்லாத ஒன்று. 1 ஆகஸ்ட் 2025 முதல் ஐரோப்பாவில் இணையத்தோடு சேரும் ரேடியோ சாதனங்களுக்கு சைபர் பாதுகாப்பும் கட்டாயம், தரநிலை ஈஎன் 18031. பாஸ்வேர்டே வைக்காமல் பயனர் தொடர வழி இருந்தால் இந்தத் தரநிலையைக் காட்டிச் சுய அறிவிப்பு செய்ய முடியாது, நோட்டிஃபைட் பாடியிடம் (ஐரோப்பிய அரசுகள் நியமித்த மதிப்பீட்டு நிறுவனம்) போக வேண்டும். முதல் லாகினிலேயே பாஸ்வேர்டு வைக்கக் கட்டாயப்படுத்தும் திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிஇ கோப்பில் இந்தப் பகுதி இருக்காது.

மற்ற நாடுகளைப் பொறுத்தவரை, ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரமுள்ள லேபின் ரிப்போர்ட்டை ஏற்றுக் காகிதத்திலேயே முடிப்பவை ஒரு வகை. இந்தியாவில் வைஃபைக்கான டபிள்யூபிசி ஈடிஏ (அலைவரிசைத் துறை தரும் சாதன அனுமதி) அப்படிப்பட்டது. சீனாவின் எஸ்ஆர்ஆர்சி ரேடியோ அனுமதி போல உள்நாட்டு லேபில்தான் சோதிக்க வேண்டும் என்பவை இன்னொரு வகை. ஒரே நாட்டில் இரண்டும் சேர்ந்தும் வரும். ஈடிஏ கையில் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று உட்காராதீர்கள். தொலைத்தொடர்புச் சாதனத்துக்கு டிஈசியின் (தொலைத்தொடர்பு பொறியியல் மையம்) எம்டிசிடிஇ என்ற கட்டாயச் சோதனைச் சான்றிதழ் தனி, அடாப்டருக்கு பிஐஎஸ் பதிவு தனி. ஜப்பானிலும் ரேடியோவுக்கு கிதெகி முத்திரை, அடாப்டருக்கு பிஎஸ்இ. மின்பாதுகாப்புக்கு ஐஈசி 62368-1ஐ சிபி திட்டத்தில் (ஒரு நாட்டின் சோதனையை மற்ற நாடுகளும் ஏற்கும் ஏற்பாடு) ஒருமுறை எடுக்கும்போதே, விற்கப்போகும் நாடுகளின் தேசிய வேறுபாடுகளையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள். பின்னால் சேர்ப்பதென்றால் கோப்பை மறுபடி திறக்க வேண்டும்.

4ஜி பேண்டுகளையும் சரிபாருங்கள். அமெரிக்காவுக்கான மாட்யூலில் 2, 4, 12, 13 இருக்கும், ஐரோப்பாவுக்கானதில் 3, 8, 20. பெட்டியும் மாடலும் ஒன்றாகத் தெரிந்தாலும் அனுமதி அதிகாரி கண்ணில் அவை இரண்டு சாதனங்கள். பாகிஸ்தான், துருக்கி மாதிரி ஐஎம்இஐ (சாதன அடையாள எண்) பதிவேடு உள்ள இடங்களில் பதியாத சாதனத்தை நெட்வொர்க்கே முடக்கிவிடும்.

கம்பிவடம்:

நன்றி. ரிப்போர்ட்டில் ஆன்டெனா 3 டிபிஐ, சாம்பிளில் வந்தது 5 டிபிஐ. முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு சந்தேகம். உள்ளூர் விநியோகஸ்தர் "நானே என் பெயரில் அனுமதி எடுத்துத் தருகிறேன், செலவும் என்னுடையது" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? சுங்கத்துக்கான எச்எஸ் கோடு எது?

பதில் 4: பண்டசாலை

கோடு 8517.62. தனியாக வரும் ஆன்டெனா 8517.71. அடாப்டர் ரூட்டரோடு ஒரே பெட்டியில் வந்தால் பெரும்பாலும் அதோடு போய்விடும், ஸ்பேராகத் தனியே வந்தால் வேறு கோடு, வேறு அனுமதி. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சர்டிஃபிகேட், சாதன லேபிள் நான்கிலும் மாடல் நம்பர் ஓர் எழுத்து பிசகாமல் இருக்கட்டும். சர்டிஃபிகேட்டில் நடுவில் கோடு போட்டும் இன்வாய்ஸில் கோடு இல்லாமலும் இருந்தாலே சரக்கு நின்றுவிடும். நிறத்துக்கோ பேக்கிங்குக்கோ வால் எழுத்து சேர்க்கும் பழக்கம் தயாரிப்பாளருக்கு இருந்தால், அந்த வால்களையும் விண்ணப்பத்திலேயே மாடல் குடும்பமாகக் காட்டிவிடுங்கள்.

விநியோகஸ்தர் விஷயத்தில் அந்த "இலவசம்" பின்னால் வலிக்கும். பல நாடுகளில் விண்ணப்பதாரர் உள்நாட்டு நிறுவனமாக இருந்தாக வேண்டும், அங்கே தவிர்க்க முடியாது. ஆனால் சர்டிஃபிகேட் அவர் பெயரில் இருக்கும்வரை இன்னொரு விநியோகஸ்தரைப் போட முடியாது. போட்டாலும் பழையவர் ஆட்சேபணையில்லைக் கடிதம் தந்தால்தான் சரக்கு நகரும். சரக்கு வியாபாரம் செய்யாத ஒரு பிரதிநிதி நிறுவனத்தைக் கட்டணத்துக்கு வைப்பது நல்லது. விநியோகஸ்தர்தான் என்றால், கேட்ட நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் பெயர் மாற்றித் தர வேண்டும், சோதனை ரிப்போர்ட்களின் உரிமை உங்களுக்கே என்று இரண்டு ஷரத்துகளை விண்ணப்பத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் போடுங்கள். இந்தச் சாதன அனுமதியோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, விற்பவருக்கான உரிமம். சிங்கப்பூரிலும் இலங்கையிலும் அது தனி.

பதில் 5: அலைமானி

5 டிபிஐயை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று முதலில் தீர்மானியுங்கள். வேண்டாமென்றால் 3 டிபிஐ ஆன்டெனாவைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், ரிப்போர்ட் பிழைக்கும். வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்கான பவரை 2 டிபி குறைத்து மறுபடி அளக்க வேண்டும். அமெரிக்காவில் கூடுதல் கெயின் என்பது சாதாரணமாக வகுப்பு 2 மாற்றம் (அதே ஐடியில் புதிய அளவீடுகளோடு ஒப்புதல் வாங்குவது), ஐடியின் உரிமையாளர்தான் அதைத் தாக்கல் செய்ய முடியும்.

தயாரிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் வைஃபை சிப், ஃபிளாஷ், அடாப்டர், ஆன்டெனா, ஷீல்டு மூடி இவற்றில் எதை மாற்றினாலும் எழுத்தில் முன்னறிவிப்பு வேண்டும் என்று எழுதுங்கள். தட்டுப்பாடு வந்தால் சத்தமில்லாமல் அடாப்டரைத்தான் முதலில் மாற்றுவார்கள்.

லேபிளை பிளாஸ்டிக் அச்சிலேயே பொறிக்க ஆசைப்படாதீர்கள். அடியில் ஒரு வெற்றுச் சதுரம் விட்டு, நாட்டுக்கு ஒரு ஸ்டிக்கராக அடித்துக்கொள்ளுங்கள். சிஇ முத்திரைக்கு உயரம் 5 மி.மீ. குறையாமல் இடம் ஒதுக்குங்கள். ஐரோப்பாவுக்கு உங்கள் பெயர், முகவரியோடு இறக்குமதியாளருடையதும் வர வேண்டும், சதுரத்தைப் பெரிதாகவே விடுங்கள்.