அம்மாவுக்குச் சாஃபோவா (SAPHO: எலும்பு, மூட்டு, தோல் மூன்றிலும் அழற்சி வரும் நோய்)? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதமாகக் காறையெலும்பும் நெஞ்செலும்பும் சேரும் இடத்தில் வீக்கம், வலி. ராத்திரி திரும்பிப் படுக்க முடியவில்லை. எலும்பு ஸ்கேனில் அந்த இடம் காளையின் தலையும் கொம்புமாகக் கறுத்துத் தெரிந்தது. புற்று எலும்புக்குப் பரவியிருக்கும் என்றார்கள். வீடே இடிந்துபோனது. ஆனால் பயாப்சியில் புற்றணு இல்லை, வெறும் அழற்சிதான், கிருமியும் வளரவில்லை.

அப்புறம்தான் ஒரு டாக்டர் அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்கள். பாத்திர சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்! சாஃபோவாக இருக்கலாம் என்கிறார். 1987இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பெயர் வைத்த நோயாம். உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது.

புற்றுநோய் வந்து போனவர்களில் யாருக்காவது இது உறுதியானதா? ஒரு பயாப்சியோடு விட்டார்களா, மறுபடியும் எடுத்தார்களா? மூட்டுவாத நிபுணர், தோல் டாக்டர், புற்றுநோய் டாக்டர் மூவரும் சேர்ந்து பார்க்கும் இடம் மதுரைப் பக்கம் உண்டா? மருந்துப் பெயர் வேண்டாம், அதை டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறோம்.