ரோட்டுக்கு அக்கட்டால நடத்தை விதி, இக்கட்டால இல்லை

பேரூராட்சியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், கோபிசெட்டிபாளையம் பக்கம்:

2022 ஜனவரி 26. காலையில் ஆபீஸில் கொடியேற்றி, ஆளுக்கு ரெண்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாயிற்று. சாயங்காலம் டிவியில் மாநிலத் தேர்தல் ஆணையர் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்குத் தேதி சொல்கிறார். 28-ந் தேதி முதல் வேட்புமனு, பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை. அவர் பேசி முடிக்கவில்லை, எங்கள் செயல் அலுவலர் போனில் வந்துவிட்டார். "ஏனுங்ணா, வீட்டுல மைதா மாவு இருக்குதுங்களா?"

லீவு நாள், கடையெல்லாம் பாதி சாத்தியிருந்தது. வீட்டம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒரு குண்டா பசை காய்ச்சிக் கொடுத்தார். தேர்தல் அறிவித்த நிமிஷமே நடத்தை விதி அமலுக்கு வந்துவிடும். அப்புறம் ஊருக்குள் நிற்கிற கல்வெட்டுகளில் மந்திரி, எம்.எல்.ஏ. பெயர் கண்ணில் படக்கூடாது. நானும் தூய்மைப் பணியாளர்கள் ரெண்டு பேரும் டார்ச் லைட்டோடு பத்து மணிவரை அலைந்தோம். பஸ் ஸ்டாண்டு, நூலகம், மேல்நிலைத் தொட்டி, நவீனக் கழிப்பிடம். கழிப்பிடத்துக் கல்லில் மட்டும் பதினோரு பேர் பெயர்! கையில் கிடைத்த அன்றைய பேப்பரை எடுத்து ஒட்டினோம். விடிந்து பார்த்தால் யாரோ போட்டோ எடுத்து மேலே அனுப்பிவிட்டார்கள். நாங்கள் ஒட்டியது குடியரசு தினத்துக்கு அரசாங்கம் கொடுத்த முழுப்பக்க விளம்பரம். பெயரை மறைக்கப் போய்ப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறோம். அப்புறம் சாக்குத் துணி வாங்கி வந்து சணலில் கட்டினோம்.

சிரிப்புக்குச் சொன்னேன். கேட்க வந்த சமாச்சாரம் வேறு.

இந்த விதி எதற்கு வந்தது? ஆட்சியில் இருக்கிறவர் அரசாங்கக் காசை, காரை, விளம்பரத்தை, ஆபீசரை வைத்து ஓட்டுக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். புதுத் திட்டம் அறிவிக்காதே, அடிக்கல் நாட்டாதே, ஆளை இடம் மாற்றாதே. 1960-ல் கேரளச் சட்டமன்றத் தேர்தலில் தொடங்கிய வழக்கம் இது. ஆளுங்கட்சிக்கென்று தனியாக ஒரு பகுதி சேர்ந்தது 1979-ல். எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலுக்கு டில்லி ஆணையம் பார்த்துக்கொள்ளும். பஞ்சாயத்து, நகராட்சிக்கு மாநிலத் தேர்தல் ஆணையம். அந்த மாநில ஆணையம் அரசியல் சட்டத்தின் 73, 74-ஆவது திருத்தங்களால் வந்தது. ஆக, கட்டிப்போட நினைத்தது மேலே இருக்கிறவர் கையை. ஆனால் முப்பது வருஷம் கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், "நடத்தை விதிங்க, எலெக்‌ஷன் முடிஞ்சு வாங்க" என்பதைப் போலச் சுலபமான பதில் எங்களுக்கு வாய்த்ததே இல்லை.

நானும் சொல்லியிருக்கிறேன். அதே பிப்ரவரியில் ஒரு அம்மா, வீட்டுக்காரர் இறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை, திருத்தித் தரச் சொல்லி வந்தார். சான்றிதழுக்கும் நடத்தை விதிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எனக்கு அன்றைக்கு வேட்புமனு வேலை தலைக்கு மேல் கிடந்தது. வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. "சரிங்க சாமி" என்று போய்விட்டார். அது இன்னும் உறுத்துகிறது. உங்களை யார் எப்படித் திருப்பி அனுப்பினார்கள், சொல்லுங்கள்.

மகளிர் குழுச் செயலாளர், காங்கேயத்துக்குக் கிழக்கே:

அண்ணா, உங்க மாதிரி ஒத்துக்கொள்கிற ஆளைப் பார்ப்பதே அபூர்வம். எங்கள் கதை 2019 டிசம்பர், கிராம உள்ளாட்சித் தேர்தல் சமயம்.

எங்கள் ஊரில் ஆற்றுத்தண்ணீர் வாரம் ஒரு முறை வரும். மற்றதுக்கெல்லாம் போர் தண்ணீர்தான். டிசம்பர் பாதியில் போர் மோட்டார் காயில் கருகிப்போனது. டேங்க் ஆபரேட்டரிடம் கேட்டால், "மேல சொல்லிட்டனுங்கக்கா, நடத்தை விதியாமா, செலவு பண்ண முடியாதாமா" என்கிறார். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? 2016-ல் தேர்தல் ரத்தான பிறகு தலைவரும் கிடையாது, வார்டு மெம்பரும் கிடையாது. தனி அலுவலர் என்று ஒன்றிய ஆபீஸில் இருந்த அதிகாரிதான் எங்கள் ஊருக்குத் தலைவர். அவர் கையில் அப்படி இன்னும் எத்தனையோ ஊர்.

ஒன்பது நாள். கட்டுத்தரையில் ரெண்டு எருமை, நாலு ஆடு. ஆளுக்குக் குடிக்க இருக்கிறதை மாட்டுக்கு ஊற்ற முடியுமா? தோட்டத்துக் கிணற்றுக்காரர்களிடம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் நின்றோம். ஏழாம் நாள் தலைவர் பதவிக்கு நிற்கிற ஒருவர், ஆட்டோ சின்னம், டிராக்டரில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வீதி வீதியாக ஊற்றினார். "ஆபீசருக கைய விரிச்சுட்டாங்க, நானிருக்கறன் அம்மிணி" என்றார். அதற்கு அப்புறம் பூட்டு சாவிக்காரர் சும்மா இருப்பாரா? மறுநாள் அவரும் ஒரு லோடு. ஓட்டுக்கு ஆசை காட்டக் கூடாது என்று வந்த விதியைச் சொல்லித்தான் எங்கள் மோட்டாரை நிறுத்தி வைத்தார்கள். அதனால்தான் குடம் குடமாக ஆசை காட்ட இவர்களுக்கு வழி கிடைத்தது.

ஒன்பதாம் நாள் பஸ் வரும் நேரம் பார்த்து ரோட்டில் காலிக் குடத்தை வரிசையாக வைத்துவிட்டோம். தாசில்தார் ஜீப் வந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பழைய மோட்டாருக்குக் காயில் கட்டறதுக்கு எந்த விதிம்மா தடை?" ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். மறுநாள் மத்தியானம் தண்ணீர் வந்துவிட்டது.

மாட்டு யாவாரி, குன்னத்தூர்:

நம்மளுது சின்னக் கதைங்க. 2022 பிப்ரவரி. கறவை மாடு ஒரு சோடி வித்த காசு, லட்சத்துப் பன்னெண்டாயிரம், இடுப்புல கட்டீட்டு டூவீலர்ல வந்துட்டிருந்தேன். ஊர் எல்லையில பறக்கும் படை. அம்பதாயிரத்துக்கு மேல போனா ஆதாரம் வேணும்னாங்க. மாட்டு யாவாரத்துல ஏதுங்க ஆதாரம்? துண்டுக்குள்ள கையை விட்டு, விரலைப் புடிச்சு வெலை பேசற தொழிலு. "என்ன பில்லு?"ன்னு படையில வந்த அம்மா கேக்கறாங்க. விரலைத்தான் காட்டணும்.

பணத்தை எண்ணி, ரசீது போட்டு, கருவூலத்துல கட்டீட்டாங்க. மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாங்க, குறை சொல்ல மாட்டேன். நல்ல காலத்துக்குச் சந்தைச் சுங்கச் சீட்டைச் சட்டைப் பையில வெச்சிருந்தேன். அதையும், வாங்கின மாமன்கிட்ட எழுதி வாங்கின காயிதத்தையும் கொண்டுபோய்க் குடுத்து, நாலு நடை நடந்து வாங்கினேன். அந்த நாலு நடைக்குள்ள ரெண்டு சந்தை போயிருச்சு. அன்னையிலிருந்து சுங்கச் சீட்டைச் சாமி படத்துக்கிட்ட வெச்சிருக்கறேன்.

கோபிக்காரர்:

மாமா, அந்தச் சீட்டு இல்லாவிட்டால் உங்களுக்கு நாலு நடை நாற்பதாகியிருக்கும். விவசாயிகளுக்கும் இதைச் சொல்லுங்கள். ஏலம் போட்ட சீட்டு, மண்டிச் சீட்டு, பேங்கில் எடுத்தால் பாஸ்புக் பக்கம், ஏதோ ஒன்று கூட இருக்கட்டும். பணம் பிடிபட்டால் ரசீது வாங்காமல் இடத்தை விட்டு நகரவே கூடாது.

பாட்டியை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போன பேரன், நாமக்கல்:

2019-ல், வரப்போகிற பொங்கலுக்கு ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாய், பச்சரிசி, சர்க்கரை, ரெண்டடிக் கரும்புத் துண்டு என்று நவம்பர் கடைசியிலேயே தொடங்கி வைத்தார்கள். டிசம்பர் 2-ல் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு, கூடவே நடத்தை விதி. 6-ந் தேதி உச்ச நீதிமன்றம் ஒன்பது மாவட்டத்தை விட்டுவிட்டு மற்றதில் நடத்தச் சொன்னது, 7-ந் தேதி மறுபடி அறிவிப்பு. நாமக்கல் நடத்துகிற பட்டியலில். எங்களுக்குப் பரிசு கைக்கு வந்தது ஜனவரி 2-ல் ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான். பாட்டி கேட்டது: "ஏங்கண்ணு, எலெக்‌ஷன் முடிஞ்சொடனே கரும்பு இனிக்கும், அதுக்கு முந்தி கசக்குமாக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அப்போது பிளஸ் டூ.

சின்ன கான்ட்ராக்டர், ஈரோடு:

விதியில் ஒரு வரி இருக்கிறது. களத்தில் ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலை நடக்கலாம்; உத்தரவு கையில் இருந்தாலும் தொடங்காத வேலையைத் தொடங்கக் கூடாது. இந்த ஒரு வரியை வைத்து எவ்வளவு ஜல்லி ஓடியிருக்கிறது தெரியுமா? நாளைக்கோ நாளை மறுநாளோ அறிவிப்பு என்று காற்றுவாக்கில் காதில் விழும். அன்றைக்கு ராத்திரியே சாக்கடை கட்ட வேண்டிய இடத்தில் ஒரு லோடு எம்-சாண்ட் கொட்டி, நாலு ஆள் கடப்பாரையோடு நிற்கிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பிவிடுவோம். வேலை தொடங்கியாயிற்று! போட்டோவில் தேதி, நேரம் விழ வேண்டும், அது முக்கியம். ஒரு தடவை அவசரத்தில் பக்கத்து வீதியில் கொட்டிவிட்டு, ஒரு மாதம் அந்த மணலில் பிள்ளைகள் கோயில் கட்டி விளையாடினார்கள்.

ஆனால் முடித்த வேலைக்குப் பில் போட்டால், "விதி இருக்குது" என்பார்கள். முடிந்த வேலைக்குப் பணம் கொடுக்க விதி தடையே இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் படிப்பதில்லை.

விசைத்தறிக்காரர், பல்லடம் பக்கம்:

எங்கள் ஊர் அமைப்பைச் சொன்னால்தான் புரியும். தார் ரோடு ஒன்று நடுவில் ஓடுகிறது. அக்கட்டால, அதாவது அந்தப் பக்கம், பேரூராட்சி; இக்கட்டால, இந்தப் பக்கம், கிராமப் பஞ்சாயத்து. வீடு இக்கட்டால, தறிக்குடோன் அக்கட்டால. 2022-ல் நடந்தது நகர்ப்புறத் தேர்தல் மட்டும். விதியும் தேர்தல் நடக்கிற பக்கத்துக்கு மட்டும். கிராமத்தில் 2020-லேயே தலைவர் வந்தாயிற்று.

என்ன நடந்தது என்றால், குடோன் பக்கத்துச் சாக்கடை வாய் அடைத்துக்கொண்டு சாயத்தண்ணீரும் மழைத்தண்ணீரும் ரோட்டில் நின்றது. அக்கட்டால ஆபீஸில் விதி என்றார்கள். இக்கட்டால தலைவரிடம் போனேன். அவர், "மாப்ள, எனக்கு விதியெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா உன்ற சாக்கடை என்ற எல்லையில இல்லையே" என்றார். நியாயம்தான். அதே வாரம் அவர் எல்லையில் ஒரு பூமி பூஜை. வந்த பெரிய மனிதரின் கார் நின்றது அக்கட்டால, மாலை போட்டது இக்கட்டால. கார் நின்ற இடம் விதிக்குள், கழுத்து நின்ற இடம் விதிக்கு வெளியே. பறக்கும் படை வண்டி அக்கட்டால நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. நானும் தேங்காய்ப் பழம் வாங்கிக்கொண்டுதான் வந்தேன், பொய் சொல்வானேன்.

சாக்கடையை நானும் தறி ஓட்டுகிற பையன்களும் ஞாயிற்றுக்கிழமை கம்பி விட்டுக் குத்திக் குத்தித் திறந்தோம்.

மகளிர் குழுச் செயலாளர்:

தறிக்காரண்ணா, சாக்கடை அடைப்பு எடுக்கவும் விதி தடையில்லைதானே? கோபி அண்ணா சொல்லட்டும்.

கோபிக்காரர்:

தடையே இல்லை அம்மிணி. குப்பை அள்ளுவது, தண்ணீர் விடுவது, தெருவிளக்கு, சாக்கடை, சான்றிதழ், ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் முதியோர் பணம், நடந்துகொண்டிருக்கும் நூறு நாள் வேலை, எதுவும் நிற்காது. நிற்பது புதிதாகச் சேர்ப்பதும் அறிவிப்பதும்தான். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் நடக்காது. ஆனால் மனுப் பெட்டி வைத்திருப்பார்கள், அதில் போடலாம். வாயால் "விதி" என்று சொல்லித் திருப்பினால், "எழுத்துல குடுங்க" என்று கேளுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், எழுதித் தரச் சொன்னால் பாதி பேருக்கு வேலை நடந்துவிடும். விதியில் இல்லாததை எழுதிக் கையெழுத்துப் போட எவனுக்குத் தைரியம் வரும்? எனக்கே வந்திருக்காது.

2016 தெரியுமல்லவா? செப்டம்பர் 25-ல் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்து, மறுநாளே மனு வாங்க ஆரம்பித்து, அக்டோபர் 4-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. அந்தப் பத்து நாளில் நான் திருப்பி அனுப்பியவர்களில் முக்கால்வாசிப் பேர், தேர்தலே இல்லை என்றான பிறகும் தீபாவளி வரைக்கும் வரவில்லை. "முடியட்டும்" என்றேனல்லவா, முடிகிறதுக்காகக் காத்திருந்தார்கள்.

மாட்டு யாவாரி:

அந்த இறப்புச் சர்ட்டிபிகேட் அம்மா என்ன ஆனாங்க?

கோபிக்காரர்:

மார்ச்சில் வந்தார். திருத்திக் கொடுத்தேன், பத்து நிமிஷ வேலை. போகும்போது, "எலெக்‌ஷன் நல்லபடியா முடிஞ்சுதுங்களா சாமி?" என்று என்னை விசாரித்துவிட்டுப் போனார்.

சாக்குத் துணியெல்லாம் அவிழ்த்தாயிற்று. பஸ் ஸ்டாண்டுக் கல்லில் இருந்ததை அவிழ்க்கும் முன்பே ஆடு கடித்து இழுத்துவிட்டது, பசை வாசம் போலிருக்கிறது. கழிப்பிடத்துக் கல் மட்டும் ஞாபகமில்லாமல் விட்டுப்போனது. நான் ஓய்வு பெற்ற அன்றைக்கும் கட்டியபடியே இருந்தது. பதினோரு பேரில் ஒருவர்கூட வந்து கேட்கவில்லை.