1660 சூப்பரை மாத்தலாமா? ஃபோல்டிங், ஐன்ஸ்டீன் ஓட்ட 3060-ஆ, 4060-ஆ, ஆர்எக்ஸ் 6600-ஆ?

திருப்பூர்_தறி:
வணக்கம். கையில ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு. பகல்ல வீடியோ எடிட்டிங். மத்த நேரம் நம்ம கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக் கணக்குக்கு இரவல் குடுக்கற ரெண்டு திட்டம், ஃபோல்டிங் அட் ஹோமும் (புரதம் மடியற விதம்) ஐன்ஸ்டீன் அட் ஹோமும் (பல்சார்ங்கற சுழலும் விண்மீன், ஈர்ப்பலை தேடறது) மாத்தி மாத்தி ஓட்டறேன். இப்ப ஒரு ஃபேன் கரகரன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு, அதை சாக்கா வெச்சு கார்டையே மாத்திரலாம்னு இருக்கேன்.

செகண்ட் ஹேண்ட்ல என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி ஒண்ணு கெடைக்குது. இல்லைன்னா புது 4060. ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 6600-ம் விலை தோதா இருக்கு. யூட்யூப்ல தேடினா எல்லாரும் கேம்ல எத்தனை எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்)னுதான் காட்டறாங்க. பல்சார் தேடறவனுக்கு எஃப்பிஎஸ் எதுக்குங்க?

இன்னொண்ணு, கரண்ட். இப்ப தினம் 14 மணி நேரம் ஓடுது, அதையும் சேத்து ரெண்டு மாசத்துக்கு 420 யூனிட் பக்கம் வருது. புது கார்டு வந்தா 24 மணி நேரமும் ஓட்ட ஆசை. ஆனா 500 தாண்டி ஸ்லாப் மாறிச்சுன்னா எங்கப்பா ப்ளக்கையே புடுங்கிருவார்.

வெப்பக்காற்று:
முதல்ல திட்டம் குடுக்கற பாயிண்டை வெச்சு கார்டை எடை போடறதை விடுங்க. இந்தப் பக்கம் வர்ற பாதி சண்டை அதனாலதான்.

ஃபோல்டிங்ல சீக்கிரம் முடிச்சுக் குடுத்தா போனஸ். அந்த போனஸ் வேகத்தோட வர்க்கமூலத்துல ஏறும். அதாவது ஒரு கார்டு ரெண்டு மடங்கு வேகமா இருந்தா, ஒரு நாள் பாயிண்ட் ரெண்டு மடங்கு வராது, கிட்டத்தட்ட 2.8 மடங்கு வரும். "என் கார்டு உன்னுதை விட மூணு மடங்கு"ன்னு ஒருத்தர் மார் தட்டினா, உண்மையான வேலை ரெண்டு மடங்குதான்னு வெச்சுக்கங்க. இதுல பாஸ்கீ (நீங்கதான்னு அடையாளம் காட்டற ரகசியக் குறியீடு) போட்டு 10 வேலை ஒழுங்கா முடிச்சாத்தான் போனஸே ஆரம்பிக்கும். பாஸ்கீ இல்லாம ஓட்டிட்டு "கார்டு சரியில்லை"ன்னு இங்க வந்து புலம்பறவங்க மாசத்துக்கு ஒருத்தராவது உண்டு.

ஐன்ஸ்டீன்ல அந்தத் தொல்லை இல்லை. ஒரு வகை டாஸ்க்குக்கு இவ்வளவு கிரெடிட்னு நிலையா இருக்கும். உங்க அக்கவுண்ட்ல வேலிட் ஆன (சரின்னு ஏத்துக்கிட்ட) டாஸ்க் லிஸ்டைத் திறந்து, ஒரே வகையில ஒரு இருபது டாஸ்க்கோட ரன் டைமை சராசரி எடுங்க. மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி தரவுல பல்சார் தேடற டாஸ்க்கையும் ஈர்ப்பலை டாஸ்க்கையும் கலந்து கட்டிப் பாக்காதீங்க, ரெண்டும் கார்டைப் படுத்தற விதமே வேற.

இனி கார்டுகள். காகிதத்துல 1660 சூப்பர் 5 டெராஃப்ளாப்ஸ் (ஒண்ணுன்னா விநாடிக்கு லட்சம் கோடி கணக்கு), 3060 12.7, 4060 15. அதைப் பாத்து "மூணு மடங்கு"ன்னு குதிக்க வேண்டாம். 3000 வரிசையில இருந்து பாதி கோர்கள் முழுஎண் கணக்கையும் தசம கணக்கையும் ஒரே பாதையில பங்கு போட்டுக்குது, அந்த எண்ணிக்கை முழுசா கைக்கு வராது. மெமரி வேகம் 3060-க்கு விநாடிக்கு 360 ஜிபி, 4060-க்கு 272 தான். ஆனா 4060-ல எல்2 கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கற வேகமான சின்ன மெமரி) 24 எம்பி, 3060-ல வெறும் 3. பல வேலைகள்ல அந்தக் கேஷே குறையை ஈடு கட்டிரும்.

6600-ஐ ஃபோல்டிங்குக்காக வாங்காதீங்க. 2020 செப்டம்பர்ல அதுல க்யூடா (என்விடியா கார்டுல கணக்குப் போடறதுக்கான அவங்களோட சொந்த மென்பொருள்) வந்ததுல இருந்து என்விடியா கார்டுகளுக்கு பெரும்பாலான ப்ராஜெக்ட்ல 15–30 சதவீதம் வேகம் கூடிருச்சு. ஜிபியுகிரிட்ங்கற இதே மாதிரி இன்னொரு திட்டம் பக்கம் போற எண்ணம் இருந்தா அங்க ஏஎம்டிக்கு வேலையே கிடையாது.

கரண்ட்: 1660 சூப்பர் 125 வாட், 3060 170, 4060 115. 60 நாளைக்கு 24 மணி நேரம்னா 3060 245 யூனிட் தின்னும், 4060 166 யூனிட். உங்க 420-ல பழைய கார்டோட 105-ஐக் கழிச்சுப் பாத்தா 3060-க்கு 560, 4060-க்கு 480. என் ஓட்டு 4060-க்கு.

பகாஎண்_தாத்தா:
மேலே சொன்னதெல்லாம் அந்த இரண்டு திட்டங்களுக்குத்தான் பொருந்தும். திட்டத்தை மாற்றினால் வரிசையே தலைகீழாகிவிடும், தம்பி. நான் ஜிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் மெர்சென் பகா எண் (2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்) தேடுகிறேன். அதற்கு டபுள் பிரிசிஷன் (64-பிட் துல்லியக் கணக்கு) வேண்டும். 4060-இல் அது சாதாரண வேகத்தில் 64-இல் ஒரு பங்கு, 6600-இல் 16-இல் ஒரு பங்கு. நீங்கள் ஒதுக்கிய 6600 இந்தக் கணக்கில் 4060-ஐ விட இரு மடங்குக்கு மேல்!

என்னிடம் இருப்பது 2019-இல் வந்த ரேடியான் செவன். அதில் 4-இல் ஒரு பங்கு, 3.36 டெராஃப்ளாப்ஸ். 4090-க்கே இதில் 1.3 தான். ஆனால் 300 வாட், சத்தமும் மிக்ஸி போலத்தான். படுக்கையறையில் வைக்க முடியாது. 2024 அக்டோபரில் அறிவித்த 4 கோடியே 10 லட்சம் இலக்க பகா எண்ணும் கேம் கார்டில் சிக்கவில்லை, டப்ளினில் ஓடிய ஏ100 என்ற டேட்டா சென்டர் கார்டில்தான் சிக்கியது.

மீட்டர்_பாக்ஸ்:
@வெப்பக்காற்று அண்ணா, கார்டை மட்டும் எண்ணிட்டீங்க. ப்ராசஸர், போர்டு, பவர் சப்ளை எல்லாம் சேர்ந்து சும்மா இருந்தாலும் 60 வாட் போகும். என்விடியா கார்டுக்குத் தீனி போட ஒரு கோர் முழுசா சுத்திக்கிட்டே வேற இருக்கும். தினம் 10 மணி நேரம் கூடுதலா ஓடினா 36 யூனிட். 480 இல்லை, 516. அப்பா ப்ளக் கிட்ட வந்துட்டார்.

தினம் 20 மணி நேரத்தோட நிறுத்துங்க, 475 பக்கம் நிக்கும். எடிட்டிங்குக்காக அடிக்கடி நிறுத்தற நேரத்துல ஐன்ஸ்டீன் போடுங்க, அதுக்கு டெட்லைன் நாள் கணக்குல இருக்கு. இடையில நிறுத்தினா ஃபோல்டிங் போனஸ் கரைஞ்சிரும். அதை ராத்திரி தொடர்ச்சியா விடுங்க.

திருப்பூர்_தறி:
ரொம்ப நன்றிங்கண்ணா, எல்லாருக்கும். 4060-னு முடிவு பண்ணிட்டேன். தாத்தா, அந்த ரேடியான் செவனைக் கேட்டு ஒரு நிமிஷம் சபலம் வந்துச்சு, 300 வாட்னு படிச்சதும் போயிருச்சு. ஐன்ஸ்டீன்ல ஒரே நேரத்துல ரெண்டு டாஸ்க் ஓட்டலாம்னு கேள்விப்பட்டேன், 4060-ஓட 8 ஜிபி மெமரிக்கு தாங்குமா?

வெப்பக்காற்று:
பல்சார் டாஸ்க்குக்கு தாராளமா தாங்கும். ப்ரிஃபரன்ஸ்ல ஜிபியு யூட்டிலைசேஷன் ஃபேக்டர்னு இருக்கும், 1-ஐ 0.5 ஆக்குங்க. உடனே மாறாது, அடுத்து புது டாஸ்க் இறங்கினப்புறம்தான் எடுத்துக்கும். ரெண்டா ஓட்டும்போது வர்ற நேரத்தைப் பாதியாக்கி, ஒத்தையா ஓட்டின நேரத்தோட ஒப்பிடுங்க. குறையலைன்னா திரும்ப 1-க்கே வந்துருங்க.