ஐம்பது வரை சொல்லும் குழந்தை மூன்று பொத்தான் எடுத்துத் தருமா? சில அனுபவங்கள்

பாலர் வகுப்பு ஆசிரியை:

"எங்க பிள்ளைக்கு ஐம்பது வரைக்கும் தெரியும் மேடம்" என்று சொல்லித்தான் பல பெற்றோர் குழந்தையை வகுப்பில் விடுகிறார்கள். பொய்யில்லை, மூச்சு விடாமல் சொல்லும். ஆறு பொத்தானை முன்னால் வைத்து எண்ணச் சொன்னால் கதை வேறு. வாய் ஒரு வேகத்தில் ஓடும், விரல் இன்னொரு வேகத்தில் ஓடும். ஒரே பொத்தானுக்கு இரண்டு எண் விழும், ஓரத்துப் பொத்தானுக்கு ஒன்றும் கிடைக்காது. பொத்தான்களை வட்டமாக வைத்தால் இன்னும் வேடிக்கை. எங்கே தொடங்கினோம் என்பதே மறந்து சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டே போகும்.

சரியாக எண்ணும் குழந்தையிடமும் இன்னொன்று கேட்டுப் பார்ப்பேன். கிண்ணத்தை அதன் பக்கம் தள்ளிவைத்து, "எனக்கு மூணு கொடு" என்பேன். கை நிறைய அள்ளித் தருகிறவர்கள் ஏராளம். கேரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இதே மாதிரிதான் கேட்டுப் பார்த்தார். குழந்தைக்கு முதலில் 'ஒன்று' மட்டும்தான் பிடிபடுகிறது. அதற்கு மேல் எதைக் கேட்டாலும் ஒரு கை அள்ளல். பிறகு இரண்டு, அப்புறம் மூன்று. ஒவ்வொரு படிக்கும் நடுவில் மாதக்கணக்கில் ஆகலாம். அதன் பிறகு ஒருநாள், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது புரிந்து, ஐந்தும் ஆறும் ஏழும் கிட்டத்தட்ட சேர்ந்தே வந்துவிடுகின்றன.

அதனால் நான் எண்ணே இல்லாமல் தொடங்குகிறேன். கப்புக்கு ஒரு மூடி, பொம்மைக்கு ஒரு தொப்பி, நாற்காலிக்கு ஒரு ஆள். "எல்லாருக்கும் கிடைச்சுதா? யாருக்குக் கிடைக்கல? மிச்சம் இருக்கா?" முதல் சில வாரம் இந்தக் கேள்விகளிலேயே ஓடிவிடும். உங்கள் வீட்டில், வகுப்பில் எப்படிப் போனது? நன்றாக வந்ததும் சரி, சொதப்பியதும் சரி, எழுதுங்கள்.

நான்கு வயதுப் பையனின் அப்பா:

டீச்சர், எங்களுக்கு முட்டை அட்டைதான் கைகொடுத்தது. ஒரு குழிக்கு ஒரு கூழாங்கல். குழி நிரம்பியதும் வேலை முடிந்தது என்று அவனுக்கே தெரியும், நாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. போட்டுக்கொண்டே எண்ணினால் தவறு வரவே வராது.

அட்டையை எடுத்துவிட்டு அதே கற்களைத் தரையில் பரப்பினோம். பழைய கதைதான், பாதியை விட்டுவிட்டு எண்ணினான். இடையில் ஒரு படி தேவைப்பட்டது. ஒரு தாளில் வட்டங்கள் வரைந்து அதில் வைக்கச் சொன்னோம். பிறகு வட்டம் இல்லாமல் ஒரு கோடு மட்டும். எண்ணிய கல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்திவிட வேண்டும். விரலால் தொட்டு எண்ணுவதைவிட, எடுத்து நகர்த்தி எண்ணும்போது தவறு பெருமளவு குறைகிறது. எண்ணியது எது, எண்ணாதது எது என்பதை அவன் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, கோடே காட்டிவிடும். படத்தில் அச்சடித்த வாத்துகளை நகர்த்த முடியாது, ஆகவே ஒர்க்ஷீட்டை நாங்கள் கடைசிக்குத் தள்ளிவிட்டோம்.

பேத்தியோடு இருக்கும் பாட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியை:

பாராயணமாகச் சொல்வதைக் கொஞ்சம் மட்டமாகப் பேசுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. வரிசை நாக்கில் நிற்காமல் எதை வைத்து எண்ணுவது? உளவியலாளர்கள் ரோஷெல் கெல்மனும் சார்லஸ் காலிஸ்டலும் 1978இல் எண்ணுதலுக்கான ஐந்து விதிகளைச் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசி எண் மொத்தத்தைச் சொல்லும், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம். இதில் இரண்டாவது விதி பாட்டிலிருந்தும் மனப்பாடத்திலிருந்தும்தானே வருகிறது? ஆகவே பாடட்டும். பாடுவதோடு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

என் பேத்திக்குப் படிக்கட்டுதான் பாடம். ஒரு படிக்கு ஒரு எண். கால் வைத்தால்தான் வாய் திறக்கலாம் என்று ஒப்பந்தம். ஆனால் கீழே தரையில் நிற்கும்போதே "ஒன்று" என்று ஆரம்பித்துவிடுவாள். மேலே போனதும் ஒரு எண் கூடிப்போகும். கட்டம் போட்ட பலகை விளையாட்டிலும் இதே சிக்கல்தான், காய் நிற்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். நான் திருத்துவதில்லை. காலை மேலே தூக்கி, "இன்னும் வைக்கல, இன்னும் வைக்கல" என்று இழுப்பேன். சிரித்துக்கொண்டே காத்திருப்பாள்.

பலகை விளையாட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்று முதல் பத்து வரை நேர்கோட்டில் எண் எழுதிய பலகையில் விளையாடிய பாலர்களுக்கு எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் வெறும் நிறங்கள் உள்ள பலகையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஒரு நீள அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

இரட்டையரின் அம்மா:

நான் எழுத வந்தது கொஞ்சம் புகார் மாதிரி இருக்கும். எண்ணையும் படத்தையும் பொருத்தும் ஒரு புதிர் அட்டைப் பெட்டி பரிசாக வந்தது. ஒரு துண்டில் எண், அதோடு சேரும் துண்டில் அத்தனை மீன்கள். இரண்டு பேரும் மளமளவென்று முடித்தார்கள், வீடே கைதட்டியது. ஒருநாள் சின்னவள் எல்லாத் துண்டையும் கவிழ்த்துப் போட்டாள். படமும் இல்லை, எண்ணும் இல்லை, வெறும் பழுப்பு அட்டை. அப்படியே எல்லாவற்றையும் சரியாகச் சேர்த்துவிட்டாள்! வெட்டிய ஓரங்களின் வளைவைப் பார்த்துத்தான் அவ்வளவு நாளும் பொருத்தியிருக்கிறாள். மீனை ஒருத்தியும் எண்ணவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பொருத்தும் விளையாட்டைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைத்தான் யோசிக்கிறேன். எண்ணைப் பார்க்காமலே இதை முடித்துவிட வழி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கிறது. மூன்று புள்ளி எப்போதும் சிவப்பு, நான்கு எப்போதும் நீலம் என்றால் குழந்தை நிறத்தைப் பொருத்தும். ஐந்து எப்போதும் பகடையில் இருப்பதுபோல் நான்கு மூலையும் ஒரு நடுவுமாக இருந்தால் அந்த வடிவத்தைப் பொருத்தும். குறை சொல்லவில்லை, வடிவத்தைப் பார்த்ததும் அடையாளம் காண்பதும் ஒரு திறமைதான். பெரியவர்களே மூன்று நான்கு பொருள்கள் வரைதான் எண்ணாமல் ஒரே பார்வையில் சொல்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு "எண்ணக் கற்றுக்கொண்டாள்" என்று நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இப்போது நானே அட்டைகள் வெட்டுகிறேன். எல்லாம் ஒரே அளவுச் சதுரம், எல்லாம் ஒரே கறுப்பு மை. ஐந்துக்கே பல அட்டை: ஒன்றில் புள்ளிகள் சிதறி, ஒன்றில் வரிசையாக, ஒன்றில் இரண்டு பெரிது மூன்று சிறிது. "இதே அளவு இருக்கிற இன்னொன்று எங்கே?" என்றால் இப்போது விரல் அட்டைக்குப் போகிறது. வேகம் போய்விட்டது, முன்பு போல யாரும் கைதட்டுவதில்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

சிறப்புக் கல்வி ஆசிரியர்:

இரட்டையரின் அம்மா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். என் பக்கத்திலிருந்து ஒன்று. பேச்சு இன்னும் வராத குழந்தைகளுக்குப் பொருத்துதல் ஒரு வாய். எண்ணின் பெயரைச் சொல்ல முடியாத ஒரு சிறுவன், நான்கு புள்ளி அட்டையைப் பார்த்து அதன் ஓரத்தில் நான்கு துணி கிளிப்புகளை மாட்டினான். அதுவரை அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் கோப்பில் எழுதியிருந்தது. கிளிப்பை அழுத்துவது விரல்களுக்கும் நல்ல பயிற்சி, பிறகு பென்சில் பிடிக்க உதவும். சில குழந்தைகளுக்குப் பிசுபிசுப்பான, சொரசொரப்பான பொருள்களைத் தொடவே பிடிக்காது. அவர்களை வற்புறுத்தாமல் வழவழப்பான மரக்கட்டை கொடுங்கள்.

எல்லாரும் பொத்தான், கூழாங்கல் என்று எழுதுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருக்கும் வீட்டில் அவை வேண்டாம். பொம்மைகளைச் சோதிக்கும் சிறு உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் தொண்டையில் சிக்கும் ஆபத்துள்ளது. வீட்டில் டிஷ்யூ ரோலின் நடு அட்டைக் குழாயை வைத்துப் பார்க்கலாம். அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால் நல்லதுதான். குழாய்க்குள் நுழைகிறது என்றால் எடுத்துவிடுங்கள்.

பாட்டி:

பூஜ்யத்தை யாருமே தொடவில்லையே. மாண்டிசோரி வகுப்புகளில் ஸ்பிண்டில் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து அறைகள், மொத்தம் 45 குச்சிகள். ஒவ்வொரு அறையிலும் அதன் எண்ணுக்குரிய குச்சிகளைப் போட வேண்டும். பூஜ்யத்தின் அறை காலியாகவே நிற்கும். அழகு என்னவென்றால், எங்காவது ஒன்று கூடிப்போனால் ஒன்பதுக்கு வரும்போது குச்சி பற்றாது. குறைந்துபோனால் மிஞ்சும். குழந்தையே திரும்பிப் போய்த் தேடும். பழைய டப்பாக்களில் எண் ஒட்டி, ஐஸ்கிரீம் குச்சிகளை வைத்து நான் செய்தேன். காலி டப்பாவைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பாவம், ஒண்ணுமே இல்ல" என்று பேத்தி ஒரு குச்சியைத் தானமாகப் போட்டாள். ஒன்பதில் ஒன்று குறைந்தது. அரை மணி நேரம் துப்பறிந்தோம்.

நான்கு வயதுப் பையனின் அப்பா:

ஒரு சந்தேகம், டீச்சர். இப்போது கற்களைச் சரியாக எண்ணுகிறான். "ஏழு" என்று முடிக்கிறான். உடனே "அப்ப எத்தனை இருக்கு?" என்றால் பதில் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறான். அவன் கண்முன்னே கற்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தால் "இப்ப நிறைய" என்கிறான். கவலைப்பட வேண்டுமா?

பாலர் வகுப்பு ஆசிரியை:

வேண்டாம். தள்ளிவைத்தால் கூடிவிட்டது என்று நினைப்பதை குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே முன்பே விரிவாக எழுதியிருக்கிறார், இந்த வயதில் அது சகஜம். அதற்கென்று தனிப் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை. இரண்டு வரிசையாகக் கற்களை வைத்து, ஒன்றுக்கொன்று நூலால் இணைத்து விளையாடுங்கள். தள்ளிவைத்தாலும் எல்லாக் கல்லுக்கும் ஜோடி இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

"எத்தனை?" என்ற கேள்விக்கு: அவனைப் பொறுத்தவரை அது "திரும்ப எண்ணு" என்ற கட்டளையாக இருக்கலாம். கேள்வியைக் கொஞ்ச நாள் விடுங்கள். நீங்கள் மொத்தத்தை முதலில் சொல்லி, உடனே எண்ணிக் காட்டுங்கள். "பார், நாலு கார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு." சின்ன எண்களிலேயே நில்லுங்கள், ஏழெல்லாம் இப்போது வேண்டாம். அடுத்து, எண்ணச் சொல்வதைக் குறைத்து எடுத்து வரச் சொல்லுங்கள். பொம்மைகளை உட்காரவைத்து, "எல்லாருக்கும் போதுமான கப் ஒரே தடவையில் கொண்டு வா." ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தால் பொருத்திப் பார்த்தே முடித்துவிடுவான். ஒரே தடவை என்றால் போகும் முன்பே எண்ண வேண்டும், எண்ணியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தவறு செய்தால் திருத்த ஒரு கைப்பொம்மை வாங்கிக்கொள்ளுங்கள். பொம்மை தப்புத் தப்பாக எண்ணட்டும், ஒரு கல்லை இரண்டு தடவை தொடட்டும், ஒன்றைத் தாண்டிப் போகட்டும். தான் எண்ணும்போது தடுமாறுகிற குழந்தைகூட அடுத்தவர் தப்பைச் சட்டென்று பிடித்துவிடும். எங்கள் வகுப்பில் அந்தப் பொம்மைக்கு விழும் திட்டைக் கேட்டால் நீங்களே பாவப்படுவீர்கள்.